கேட்டில் கட்டிய டியூப்லைட்

எங்கள் காலனியில் வெளிவிளக்குக்கு விதி வந்ததற்கு முழுமுதற் காரணம் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. என் வாழ்நாளில் என்னால் நடந்த ஒரே பொதுக்காரியம் அது என்பதால் சொல்லாமல் விடவும் மனசில்லை.

நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, ஸ்டென்ட் வைத்துத் திரும்பிய கையோடு மாடி முகப்பில் ஒரு ஃபோகஸ் லைட் மாட்டினேன். செத்துப் பிழைத்தவன் வீடு பளிச்சென்று இருக்கட்டுமே என்று ஒரு நினைப்பு. கபடிப் போட்டிக்கு மாட்டுகிற விளக்கு அது. எதிர்வீட்டு அம்மா வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஒங்க லைட்டு எங்க ஜன்னல் வழியா நேரா மாமியா மூஞ்சியில அடிக்கி. விடிஞ்சிட்டுன்னு நெனச்சி ராத்திரி பூராம் காப்பி கேக்காவ."

"குடுத்துட்டுப் போயேம்மா, ஒரு வாய் காப்பிதான" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கம் கூடிவிட்டது. வெளிவிளக்கின் வெளிச்சம் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டக் கூடாது. விளக்கு தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரிகிற சென்சார் வேண்டும். கரண்டும் மிச்சம், அடுத்த வீட்டாருக்குத் தூக்கமும் மிச்சம் என்றார் செயலாளர். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என்னைப் பார்க்காமலே என்னைத் திட்டத் தெரிந்தவர்.

எலக்ட்ரீஷியன் வந்து ஃபோகஸ் லைட்டைக் கழற்றினான். சென்சார் விளக்கு கடைக்கு வரவேண்டியிருந்தது. அதுவரைக்கும் பழைய டியூப்லைட் ஒன்றை வாசலில் கட்டச் சொன்னேன். படுக்கைவாட்டில் கட்டினால் வெளிச்சம் பரவி எதிர்வீட்டுக்குப் போகும். ஆகவே கேட் தூணோடு நெட்டுக்குத்தாக நிறுத்திக் கட்டச் சொன்னேன். விதியைக் கடைப்பிடிப்பதில் எனக்கு அவ்வளவு புத்திக்கூர்மை.

அவன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். "அண்ணாச்சி, இப்படி நிக்கவச்சிக் கெட்டினா ஊர்ல வேற மாதிரில்லா நெனப்பாவ?"

"கெட்டுலே. ஊரை நான் பாத்துக்கிடுதேன்."

எங்கள் பக்கத்தில் வாசலில் டியூப்லைட் நெட்டுக்குத்தாக நின்றால் அது எழவு வீடு. பகலிலும் எரிந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த வெளிச்சத்தை வைத்தே வீடு கண்டுபிடித்து நானே எத்தனையோ துட்டிக்குப் போயிருக்கிறேன். ஆனால் நம் வாசலில் நிற்கிற டியூப்லைட் நமக்கு வெறும் டியூப்லைட்டாகத்தான் தெரிகிறது. சுவிட்ச் வைக்காமல் ஒயரை நேராகக் கொடுத்துவிட்டு அவன் போய்விட்டான். போதாக்குறைக்கு என் மனைவி வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளையெல்லாம் கழுவி வாசலில் வரிசையாகக் காயப்போட்டாள்.

அன்று சாயங்காலம், என்னோடு வேலை பார்த்த சீவலப்பேரிக்காரர் ஒருவர் எங்கள் தெருவழியே ஸ்கூட்டரில் போனார். வாசலைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றார். மாடியிலிருந்த நான், நம்மேல் இவ்வளவு மரியாதையா என்று கையை ஆட்டினேன். அவர் நிமிரவே இல்லை.

சீவலப்பேரியில்தான் என் அண்ணன் இருக்கிறார். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவர் மகள் கல்யாணத்தன்று தாலி கட்டுகிற நேரத்தில் கரண்டு போயிற்று. "மாப்பிள மூஞ்சியப் பாத்துக் கரண்டே ஓடிட்டு" என்றேன். பந்தலே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. எல்லோரும் போனபிறகு என்னைக் கூப்பிட்டு, "இனி ஒன் எழவுக்குத்தாம்லே ஒன் வாசல மிதிப்பேன்" என்றார்.

"சரிண்ணே. மால மட்டும் பெருசா வாங்கிட்டு வா" என்றேன். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கதவு திறக்கும்போதெல்லாம் அவராக இருக்குமோ என்று பார்த்தேன். டாக்டர் வந்தார், நர்ஸ் வந்தார், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க ஊரே வந்தது.

மறுநாள் காலை, காய்ந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். தலைக்குமேல் டியூப்லைட் வெயிலோடு வெயிலாக எரிந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம். பிறகு ஒரு கரகரத்த குரல், பேப்பருக்குப் பின்னால் இருப்பது யாரென்று தெரியாமல் என்னிடமே கேட்டது.

"உள்ளயா கெடத்திருக்கு?"

பேப்பரை இறக்கினேன். அண்ணன். கையில் ரோஜா மாலை, சொன்னபடியே பெரிசு. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. பஸ்ஸில் வரும்போதே அழுதிருக்க வேண்டும்.

"சாவலியாலே நீ?"

அந்த ஒரு நொடி அவர் முகத்தில் வந்தது சந்தோஷம்தான். சத்தியமாகப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு எழுந்து கையைப் பிடித்திருந்தால் போதும். எனக்கா அது வரும்?

"இல்லண்ணே. மால வாடுததுக்குள்ள முயற்சி பண்ணுதேன்."

முகம் மூடிக்கொண்டது. மாலையை டியூப்லைட்டின் தலையில் மாட்டினார். சத்தம் கேட்டு என் மனைவி ஓடிவந்தாள். "அத்தான், உள்ள வாங்க. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

"துட்டி வீட்டுல காப்பி குடிக்கப்படாதும்மா" என்றார், அவளிடம் தணிவாக. பிறகு என்னிடம், "சொன்னபடி வந்துட்டேன்லே. ஒரு எழவுக்கு ரெண்டு தரம் வர முடியாது. ஆத்துல முங்கிட்டு ஊருக்குப் போறேன்."

வெறும் பேச்சென்றுதான் நினைத்தேன். ஆற்றங்கரையில் ஈரவேட்டியோடு அவர் பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்ததாக எலக்ட்ரீஷியன் மத்தியானம் வந்து சொன்னான். கையில் சென்சார் விளக்கு வைத்திருந்தான்.

அதை மாட்டியாயிற்று. செயலாளர் வந்து பார்த்து, காலனியிலேயே என் வீட்டு விளக்குத்தான் விதிப்படி இருக்கிறது என்றார். ஆள் வந்தால் எரிகிறது, இல்லாவிட்டால் இருட்டு. கரண்டு ஏகமாக மிச்சமாகிறது. வாசலில் திடீரென்று வெளிச்சம் வரும்போது என் மனைவி எட்டிப் பார்ப்பாள். நாயாக இருக்கும். இல்லாவிட்டால் நானாக இருக்கும், கேட் வரைக்கும் போய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன். அண்ணன் தலைமுழுகிவிட்டுப் போன ஆள் நான் என்று அந்த விளக்குக்குத் தெரியாது. எனக்கும் எரிகிறது.