கன்றுக்காகப் போன மாடு: ஒரு 380 கேஸ்

ஆரணியை ஒட்டிய ஸ்டேஷன் ஒன்றில் ரைட்டராக உட்கார்ந்த முதல் வாரத்திலேயே நான் ஒரு தப்பு செய்தேன். எழுபதுகளின் கடைசி அது. ரைட்டர் என்றால், வருகிற புகாரைக் கேட்டு எஃப்.ஐ.ஆர். எழுதுபவர்.

அன்று காலை பட்டுத்தறி வைத்திருந்த வரதன் வேகமாகப் படியேறி வந்தார்.

"ஜல்தியா எழுதுங்க சார். கொட்டாய்ல கட்டியிருந்த கறவ மாட்டையும் கன்னையும் திருடிகினு போயிட்டா. யாருன்னு எனக்கே தெரியும். படவேட்டுப் பக்கம், குப்பம்மான்னு பேரு."

"கொட்டாய்க்குச் சுவர் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். மேய்ச்சலில் நின்ற மாட்டைத் திருடினால் இந்திய தண்டனைச் சட்டத்தில் செக்‌ஷன் 379, மூன்று வருஷம் வரை தண்டனை. வீட்டிலோ, பொருளை வைத்துக் காக்கும் கட்டடத்திலோ திருடினால் 380, ஏழு வருஷம் வரை.

"நாலு பக்கமும் சுவருங்க. கதவும் இருக்குது."

380 என்று எழுதினேன். சரியான செக்‌ஷனைப் போட்டுவிட்ட பெருமை வேறு.

மத்தியானத்துக்குள் இரண்டு கான்ஸ்டபிள்கள் அவளைக் கண்ணமங்கலம் ரோட்டிலேயே பிடித்துக் கொண்டுவந்தார்கள். அவள் ஒளியவில்லை. கன்று களைத்தபோதெல்லாம் நிழலில் நின்று நின்று போயிருக்கிறாள். நாற்பது வயசுக் கூலிக்காரி. மாட்டை ஒரு மரத்திலும் கன்றை எதிர் மரத்திலும் கட்டினார்கள். வராந்தாவில் உட்காரவைத்ததும் அவள் தனக்காக எதையும் கேட்கவில்லை.

"சார், என்ன உள்ள வேணா வெச்சுக்குங்க. அந்தக் கன்ன அவுத்து வுடுங்க. பால் குடிக்கிற நேரம்."

அவிழ்த்துவிடச் சொன்னேன். கன்று ஓடிப்போய் மடியை முட்டியது. அவள் முகம் இளகியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விசாரிக்கத் தோன்றியது.

கிடேரியாக இருந்தபோதே வரதன் அவளிடம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விட்ட மாடு அது. வளர்ப்பது அவள், மாடு அவருடையது, முதல் ஈற்றுக் கன்று அவளுடையது. ஆனால் ஈன்ற சில நாளில் அவர் இரண்டையும் ஓட்டிவந்துவிட்டார்.

"கன்னு உன்னுதுன்னா மாட்ட ஏம்மா ஓட்டிகினு போன?"

"பால் குடிக்கிற கன்னு சார். தனியா இஸ்துகினு போனா செத்துப்பூடாதா? கன்னு புல்லு மேஞ்சதும் மாட்ட கொண்டாந்து கட்டிடறேன்னு அந்த வீட்டம்மாகிட்ட சொல்லிட்டுதான் வந்தன். கயித்த அவிங்கதான் அவுத்துக் குடுத்தாங்க."

என் தப்பு அப்போதுதான் புரிந்தது. திருட்டு என்றால் சட்டம் முதலில் பார்ப்பது சுவரை இல்லை. சம்மதம் இல்லாமல், நேர்மையில்லாத எண்ணத்தோடு எடுத்தார்களா என்பதைத்தான். அது இருந்தால்தான் 379-ஆ 380-ஆ என்ற பேச்சே வரும்.

எஸ்.ஐ.யிடம் போய்ச் சொன்னேன்.

"எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்குப் போயிடுச்சேய்யா!" என்று தலையில் கைவைத்தவர், உடனே என்னையும் அழைத்துக்கொண்டு வரதன் வீட்டுக்குக் கிளம்பினார்.

வரதனின் மனைவி சரோஜா ராட்டையில் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்தார். புருஷன் எதிரிலேயே நின்றார். அந்த அம்மா மறுத்துவிட்டால் சாயங்காலம் குப்பம்மாவுக்கு ரிமாண்ட்.

"மாட்ட யாரும்மா அவுத்தது?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

ராட்டை நின்றது. "நாந்தாங்க."

"இன்னா பேசற நீ?" என்று கத்தினார் வரதன்.

"வாரம் பேசனப்ப நானும் பக்கத்துலதான நின்னுகினு இருந்தன்? மொத கன்னு அவளுதுன்னு உங்க வாயாலதான சொன்னீங்க? நாந்தான் ஓட்டிகினு போடின்னேன்."

 வரதனின் குரல் இறங்கியது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா வுட்டிருப்பீங்களா?"

எஸ்.ஐ. சிரிப்பை அடக்க வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேஸ் 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' என்று ரெஃபர் ஆனது, அதாவது திருட்டே நடக்கவில்லை என்று முடிக்கப்பட்டது. அந்த ரிப்போர்ட்டையும் நான்தான் எழுதினேன். முப்பது வருஷ சர்வீஸில் நான் சந்தோஷமாக எழுதியது அதைத்தான். குப்பம்மா மாட்டையும் கன்றையும் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வரேன் சார்" என்றாள்.

"ஸ்டேஷன்ல அப்டி சொல்லக்கூடாதும்மா, போறேன்னு மட்டும் சொல்லு" என்றார் வாசலில் நின்ற கான்ஸ்டபிள். அவள் அப்போதுதான் சிரித்தாள்.

ரைட்டர் வேலைக்கு வரும் பிள்ளைகளே, செக்‌ஷன் நம்பர் புத்தகத்தில் இருக்கிறது, அது எங்கும் போகாது. புகார்தாரர் பேசி முடித்ததும், அந்த நேரத்தில் வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்கவில்லை. அதனால் ஒரு பெண் அரை நாள் முழுக்கத் திருடியாக உட்கார்ந்திருந்தாள்.