ஹோப் டைசிங்கரின் அரை அங்குலம்

என் அக்கா ஓலெட்டாவைக் கட்டிய ஹோபார்ட் டைசிங்கர் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கப்புறம் அவனைப் பற்றி நல்லதாக அதிகம் சொல்லப்போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் அவன் ஹோப். லெக்சிங்டனில் லைன்பெர்கரின் கார் கடையில் டிங்கரிங் வேலை. நசுங்கி வந்த மட்கார்டைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தரம் தடவுவான், மேடு எங்கே பள்ளம் எங்கே என்று சொல்லிவிடுவான். மத்தியானம் ரொட்டிக்குள் பொலோனியா இறைச்சித் துண்டை மடித்துத் தின்பான், கோலா பாட்டிலுக்குள் வேர்க்கடலையைக் கொட்டிக் குடிப்பான். அதைத் தவிர அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தகடுதான்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பந்தய வண்டி வைத்திருந்தோம். வண்டியைக் கட்டுவது அவன், ஓட்டுவது நான். சனிக்கிழமை மண் தடங்களில் என்னை ஜெயிக்க எங்கள் மாவட்டத்தில் ஆள் கிடையாது. தற்பெருமை இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் சார்லட் பக்கத்துப் பெரிய தடத்தில் ஒரு தரமாவது ஓட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை. மனிதன் முப்பத்தெட்டு வயது வரைக்கும் ஒரே ஆசையைச் சுமந்துகொண்டு திரிந்தால் அது கிட்டத்தட்ட வியாதி.

1967இல் ஒரு தரம் போனோம். ஹோப் வண்டியின் கூரையைக் கொஞ்சம் வெட்டி இறக்கியிருந்தான். காற்று மேலே வழுக்கிப் போகும் என்று. அந்தக் காலத்தில் அப்படிச் செய்யாதவன் யார்? ஆனால் மாட்டியது நாங்கள்தான். அங்கே பரிசோதகர் பர்ஜஸ் ப்ரூயிட் என்று ஒருவர். பந்தய வண்டி கடையில் விற்கிற வண்டியின் வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதி. கடையில் விற்கிற வண்டியின் வடிவத்தில் வெட்டிய அலுமினிய அளவுத் தகடுகள் அவரிடம் இருக்கும். அதை வண்டிமேல் வைத்துப் பார்ப்பார். இடைவெளி தெரிந்தால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். அன்றைக்கு எங்கள் கூரையை ரம்பத்தால் அறுத்து, எல்லோரும் பார்க்கும்படி வேலியில் மாட்டி வைத்தார். ஊர் திரும்பி வீட்டு வாசலில் இறங்கும்போது ஹோப், இனிமேல் ஒரு மயிரிழை கூடப் பிசக மாட்டேன் என்று சத்தியம் செய்தான். அந்தச் சத்தியம்தான் என் தலையில் விழுந்தது.

எழுபதில் இறக்கை வைத்த வண்டிகள் வந்தன. முன்னால் கூரான நீள மூக்கு, பின்னால் டிக்கிக்கு மேலே ஆள் மார்பு உயரத்துக்கு ஒரு இறக்கை. பெரிய தடத்தில் அவை ஓடுவதைப் பார்த்தால் மற்ற வண்டிகள் நிற்பது மாதிரி இருக்கும். ஆனால் கடையில் அவற்றை வாங்க நாதி இல்லை. லைன்பெர்கரிடம் இரண்டு வந்தன. நாலு மாசம் வெயிலில் காய்ந்தன. அக்கா ஒரு நாள் கடைக்கு வந்தவள், இறக்கையைப் பார்த்துவிட்டு, "துணி காயப்போடத் தோதா இருக்கு, ஒண்ணு வீட்டுக்கு ஓட்டிட்டு வாயேன்" என்றாள். கடைசியில் லைன்பெர்கர், ஒரு வண்டியின் மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டுச் சாதா முகம் வைக்கச் சொன்னார். ஒரே வாரத்தில் விற்றுப்போயிற்று. கழற்றியதைக் கண்ணில் படாமல் எங்கேயாவது தூக்கிப் போடு என்றார். ஹோப் தூக்கிப் போட்டது எங்கள் பந்தய வண்டியில்.

இரண்டாவது வண்டி, பச்சை நிறம், சாதா முகத்துக்கான பாகங்கள் வராததால் அப்படியே நின்றது. வேலை முடிந்ததும் ஹோப் தினமும் அதைச் சுற்றி வந்து அளவெடுப்பான். தூக்குக் குண்டு, நூல், அட்டை, பென்சில். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது நான். கடைக்காரப் பையன்கள், "என்ன ஹோப், அதுக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று கிண்டல் செய்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பச்சை வண்டியின் மூக்கு எந்த இடத்தில் எந்த உயரத்தில் இருந்ததோ, அதே உயரத்தில் எங்கள் வண்டியின் மூக்கு. கோடை முழுக்க அந்த வேலைதான்.

பெரிய தடத்தின் அக்டோபர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தோம். அடுத்த வருஷம் இறக்கை வண்டிகளுக்குச் சின்ன எஞ்சின்தான் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. சின்ன எஞ்சினோடு அந்த வண்டியை ஓட்டுவதும் ஒன்றுதான், வீட்டில் படுத்துத் தூங்குவதும் ஒன்றுதான். எனக்கு இருந்தது இந்த ஒரு வாய்ப்பு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பரிசோதனையில் தேறி, தகுதி ஓட்டம் ஓடிவிட வேண்டும்.

பதினொரு மணிக்கு எங்கள் முறை வந்தது. கூரை சரி. பக்கம் சரி. டிக்கி சரி. ஹோப் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. கடைசியாக ப்ரூயிட் நீளத் தகட்டை முன்கண்ணாடியிலிருந்து மூக்கின் நுனி வரைக்கும் வைத்தார். நுனியில் அரை அங்குலம் இடைவெளி.

"மூக்கு தாழ்ந்திருக்குப்பா. தூக்கிட்டு வா" என்றார் ப்ரூயிட். கோபமே இல்லை அவர் குரலில்.

அது ஒரு மணி நேர வேலை. உள்ளே இரண்டு தாங்கிகள், அறுத்து, அரை அங்குலம் தூக்கி, மறுபடி பற்றவைத்தால் முடிந்தது. பன்னிரண்டரைக்குள் நான் தடத்தில் இருந்திருப்பேன். ஆனால் ஹோப் அசையவில்லை. காது வரைக்கும் சிவந்துபோயிருந்தான். தான் ஏமாற்றவில்லை, கடையில் விற்கிற வண்டியில் இருக்கிற அளவுதான் இது, வேண்டுமானால் அளவு குறித்த அட்டைகளைப் பாருங்கள் என்று ஆரம்பித்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் பேசிக்கொண்டே போனான். பரிசோதகருக்கும் ஒரு கட்டத்தில் சலித்துப்போயிற்று.

"அப்படின்னா அந்தக் கடை வண்டியைக் கொண்டாந்து காட்டு. இப்ப வழியை விடு."

வாய் வார்த்தைக்குச் சொல்வது அது. உலகத்தில் யாருக்கும் புரியும். ஹோப் லாரி சாவியை எடுத்தான்.

நான் கரடியாய்க் கத்தினேன். "மச்சான், கால்ல விழறேன், அறுத்துத் தூக்கிட்டுப் போயிடலாம். யாரு சரி, யாரு தப்புன்னு ஞாயித்துக்கிழமை ராத்திரி பேசிக்கலாம்."

"நான் ஏமாத்தலைடா" என்றான். அவ்வளவுதான். லாரி கிளம்பிவிட்டது. லெக்சிங்டன் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பற்றவைக்கிற சாமான் அத்தனையும் அந்த லாரியில்தான் இருந்தது.

பக்கத்துக் குழுவிடம் போய் இரவல் கேட்டேன். மத்தியானம் தருகிறோம் என்றார்கள். மத்தியானம் அவர்கள் வண்டியிலேயே கோளாறு. இன்னொருவன் ரம்பம் மட்டும் கொடுத்தான். அறுத்துவிட்டு ஒட்ட வழியில்லாமல் நிற்க நான் தயாராக இல்லை. ஒவ்வொரு வண்டியாகத் தடத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு தலைக்கவசத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். மண் தடத்தில் என்னிடம் பத்து தரம் தோற்றவன்கூட ஓடிவிட்டு வந்தான். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மூன்று நாற்பதுக்குப் பச்சை வண்டி வாசலில் நுழைந்தது. லைன்பெர்கர் அதை விட மறுத்து, கையெழுத்துக் கேட்டு, இழுத்தடித்திருக்கிறார். ஹோப் நேராகப் பரிசோதனைக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினான். கண்ணாடியில் இருந்த விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. கூட்டம் கூடிவிட்டது. ப்ரூயிட் வாக்கு மாறாதவர், அதைச் சொல்ல வேண்டும். தகட்டை எடுத்து வந்து பச்சை வண்டியின்மேல் வைத்தார்.

நுனியில் அரை அங்குலம்.

கூட்டம் சிரித்து முடிக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. ப்ரூயிட் குனிந்து பார்த்தார், தகட்டைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி வைத்தார். பிறகு நிமிர்ந்து, "அப்ப இந்த வண்டியும் பந்தயத்துக்கு ஆகாது" என்றார்.

ஹோப் என் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. "பாத்தியா? நான் சொன்னேன்ல? நம்ம பக்கம் தப்பே இல்லை."

கொட்டகைச் சுவரில் கடிகாரம் நாலுக்கு எட்டு நிமிஷம் என்று காட்டியது. நான் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். அங்கேயே நின்றிருந்தால் அக்கா விதவையாகியிருப்பாள்.

சின்ன எஞ்சின் விதி பேச்சோடு நிற்கவில்லை, அடுத்த வருஷமே வந்துவிட்டது. எங்கள் இறக்கை, பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அக்கா வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடத்தான் பயன்பட்டது. ஹோப் அத்தோடு விட்டானா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் கிளம்பிவிடுவான். எந்தக் கடையில் இறக்கை வண்டி விற்காமல் நிற்கிறதோ அங்கே போய் மூக்கை அளப்பான். ஒரு வண்டியில் கால் அங்குலம் தூக்கல், இன்னொன்றில் இடது பக்கம் சாய்வு, ஒன்றைப் போல ஒன்று இல்லை. அந்த மூக்குகளைத் தொழிற்சாலையில் அவசரத்தில் எவனோ கண் அளவில் மாட்டியிருக்கிறான். அந்த அட்டைகளைக் கட்டி ப்ரூயிட்டுக்கு அனுப்பினான். அவர் நன்றி என்று ஒரு வரி எழுதிப் போட்டார். நான் அவனோடு இரண்டு வருஷம் பேசவில்லை. குடும்பமே கூடிச் சாப்பிடும் நன்றிப் பண்டிகையன்று ஒரே மேஜையில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கை இப்படித் தள்ளச் சொல்லு என்று அக்கா மூலமாகக் கேட்டுக்கொள்வோம்.

பச்சை வண்டியை நான்தான் வாங்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். வேறு யாராவது அதன் மூக்கைக் கழற்றுவார்கள் என்று நினைத்தால் பொறுக்கவில்லை.

எழுபத்தாறில் டென்ட்டன் சாலையில் நான் அதை ஓட்டிக்கொண்டு போனபோது ஒரு மான் குறுக்கே விழுந்தது. மூக்கு நொறுங்கிப்போயிற்று. அந்த வேலைக்கு ஹோப்பை விட்டால் ஆள் ஏது? அவன் ஒரு மாசம் எடுத்துக்கொண்டான். போய்ப் பார்த்தேன். பெயிண்ட் பளபளத்தது, ஒட்டு எங்கே என்று தெரியவில்லை. சுவரில் ஒரு நீள அலுமினியத் தகடு மாட்டியிருந்தது. ப்ரூயிட் ஓய்வு பெற்றபோது கேட்டு வாங்கி வந்தானாம்.

நான் அதை எடுத்துக் கண்ணாடியிலிருந்து நுனி வரைக்கும் வைத்தேன். நுனியில் இடைவெளி. என் சுண்டுவிரல் அதில் சரியாகப் போயிற்று.

"ஹோப், இப்பவாவது சரியா வச்சிருக்கக் கூடாதா?"

"சரியாத்தான் இருக்கு" என்றான் கையைத் துடைத்துக்கொண்டே. "தகடுதான் தப்பு."

விரலை எடுக்காமல் நின்றேன். அந்த விரல் கனத்தால்தான் நான் பெரிய தடத்தில் ஒரு சுற்றுகூட ஓட்டவில்லை. இனி ஓட்டப்போவதும் இல்லை. அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் என்ன செய்வது, அவன் சொன்னது உண்மை.