ராசாவை விட்டு ஒன்பதை வைத்தார்

இரண்டு பனிக்காலத்துக்கு முன்பு, கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் நடந்தது இது. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, நடை ஓரளவு திரும்பியிருந்தது. பேச்சுத்தான் திரும்பவில்லை. எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார், ஆமாம் என்ற பொருளில். பசிக்கிறதா என்றாலும் ஓம், பசிக்கவில்லையா என்றாலும் ஓம். அந்த ஓமை நம்பி ஒரு தேத்தண்ணிகூடப் போட முடியாது.

அவரை வீட்டுக்கு அனுப்புவதா, பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்புவதா என்று மருத்துவக் குழு யோசித்துக்கொண்டிருந்தது. நான் வேலைக்குப் போகிறவள். பகலில் மோர்னிங்சைட்டில் இருக்கும் எங்கள் அப்பார்ட்மென்டில் தனியாக இருக்கும் அளவுக்கு அவருக்கு யோசிக்கும் திறன் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

அவரைக் கவனித்த தெரபிஸ்ட் ஒரு தமிழ்நாட்டுப் பெண், என் மகள் வயது இருக்கும். இவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். காட்ஸ், அதுதான் சீட்டாட்டம், என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்றேன். எங்கள் பழைய வீட்டு பேஸ்மென்டில் சனிக்கிழமைதோறும் இவரும் கூட்டாளிகளும் போட்ட சத்தத்தில், நான் ஒரு நாடகத்தைக்கூட ஒழுங்காகக் கேட்டதில்லை. அடுத்த முறை அவள் டேப்லெட்டில் வீடியோ போக்கர் போட்டுக்கொண்டு வந்தாள். காசு இல்லாத, சும்மா விளையாட்டு.

அதை எனக்கும் சேர்த்தே விளக்கினாள். திரையில் ஐந்து சீட்டு வரும். வேண்டியதைத் தொட்டால் அது நிற்கும், மற்றவை போய்ப் புதியவை வரும். மாற்றுவது ஒரே ஒரு தடவைதான். ஜாக், ராணி, ராசா, ஆஸ் இதில் ஏதாவது ஒரு சோடி இருந்தாலே வெற்றி. சின்னச் சோடி என்றாலும் அதைத்தான் வைத்திருக்க வேண்டும், அதை உடைத்து ஒற்றை ராசாவை வைத்திருப்பதில் லாபமில்லை. ஒன்றுமே தேறாவிட்டால் ஐந்தையும் யோசிக்காமல் போகவிடலாம். எதை வைக்கிறார், எதை விடுகிறார் என்று பார்த்தால் அவர் யோசிப்பது தெரியும் என்றாள். இவர் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டார்.

முதல் கையில் இரண்டு ராசா, ஒரு ஒன்பது, ஏழு, மூன்று. மாற்றாமலே வெற்றி. இவர் ஒன்பதைத் தொட்டார். இரண்டு ராசாவும் போய்விட்டன. அடுத்ததில் இரண்டு நாலு, ஒரு ராணி, ஜாக், ஒன்பது. ஜாக்கையும் ஒன்பதையும் வைத்துக்கொண்டு சோடியை விட்டார். அதற்குப் பிறகும் அப்படியேதான்.

"விதி மனசுல நிக்கல போலிருக்கு ஆன்ட்டி. இதை மட்டும் வச்சு எதுவும் முடிவு பண்ண மாட்டோம்," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அவள் குரல் அப்படி இறங்கியதும், இவ்வளவு நாளும் நான்தான் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேனோ என்று பயந்துவிட்டேன்.

திரையில் வரும் சீட்டைப் பார்க்க மனமில்லாமல் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழம்பிய மனிதரின் விரல் அங்கும் இங்கும் அலைய வேண்டும் அல்லவா? இவருடையது அலையவில்லை. ஜாக் இருந்தால் நேரே ஜாக்குக்குப் போனது. அடுத்தது ஒன்பதுக்கு. ஒரு தடவைகூட மாறவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மனிசன் முன்னூற்றி நாலு விளையாடுகிறார்!

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் கூடினால் ஆடுவது அந்தச் சீட்டாட்டத்தைத்தான். அதில் ஜாக்தான் எல்லாவற்றுக்கும் பெரியது, அடுத்தது ஒன்பது. ராசாவும் ராணியும் பின்வரிசைக்காரர். ஆறும் அதற்குக் கீழே உள்ளவையும் விளையாட்டிலேயே சேர்வதில்லை. நான் ஒருநாளும் ஆடியதில்லை. பேஸ்மென்டுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய், முணுமுணுத்துக்கொண்டே திரும்பிய நேரங்களில் காதில் விழுந்ததுதான்.

அவர் கையைப் பிடித்தேன். "இஞ்சருங்கோ, உது முன்னூற்றி நாலு இல்லை. இதிலை ராசா, ராணிதான் பெரிசு. ஒம்பதுக்கு ஒரு மதிப்பும் இல்லை," என்றேன்.

என்னை வெகுநேரம் பார்த்தார். ஓம் என்று சொல்லவில்லை. அடுத்த கை வந்தது. இரண்டு ராணி, ஒரு ஒன்பது, ஐந்து, இரண்டு. விரல் பழக்கத்தில் ஒன்பதுக்குப் போய், தொடாமல் நின்றது. பிறகு ஒரு ராணியைத் தொட்டது. மற்ற ராணியையும் தொட்டது. போகவேண்டிய ஒன்பதைப் பார்த்து அவர் வாய் கோணியது, சொல்லைத் தேடியது.

"ஒம்பது... பாவம்," என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நக்கலடிக்கிற மனிதருக்கு யோசனை இல்லையென்று யார் சொல்ல முடியும்? அந்தப் பெண்ணுக்கு முன்னூற்றி நாலைப் பற்றிச் சொன்னபோது அவளும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்தச் சோதனை வைத்தாலும், இவருக்கு ஊரில் பழக்கமானது எது என்று முதலில் என்னிடம் கேட்டுக்கொண்டாள். மற்றச் சோதனைகளையும் ஒவ்வொன்றாகத் தாண்டி, பனி கரையத் தொடங்கிய நாட்களில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இன்றைக்கும் பேச்சு கொஞ்சம்தான். நான் வேலையால் வரும்போது ஜன்னலடியில் டேப்லெட்டோடு இருப்பார். எதை வைப்பது, எதை விடுவது என்பதில் இப்போது என்னைவிடக் கெட்டிக்காரர். சில வேளை நல்ல சோடியை விட்டுவிட்டு ஒன்பதைத் தொட்டு, கடைக்கண்ணால் என்னைப் பார்ப்பார். வேண்டுமென்றே செய்கிற வேலை அது.

இப்போது யாராவது என் கண்ணுக்குப் பிழையாகப்படும் ஒன்றைச் செய்தால், வாய் திறக்கமுன் இந்த ஆள் எந்த விளையாட்டை ஆடுகிறாரோ என்று ஒருகணம் நின்று பார்க்கிறேன். அப்படி ஒருகணம் பார்த்ததால்தான் என் மனிசன் இன்று என்னோடு வீட்டில் இருக்கிறார்.