குலம் கேட்ட கட்டம்

ரிச்சர்ட்சன் என்ற ஊரில் இருந்தபோது என் கிரீன் கார்டு விண்ணப்பத்தை வக்கீல் இல்லாமல் நானே நிரப்பியதுதான் வம்பாகப் போயிற்று. செய்தி பரவி, அபார்ட்மெண்டில் யாருக்கு எந்த ஃபாரம் வந்தாலும் என் கதவைத் தட்டினார்கள். "ஊருக்கெல்லாம் அப்ளை பண்றீங்க, நம்ம கார் ரெஜிஸ்ட்ரேஷனை எப்போ ரினியூ பண்ணுவீங்க?" என்பாள் மனைவி. வாரம் முழுக்க ஆபீசில் மாடாய் உழைத்துவிட்டு வந்தவன், அதைக் காதில் வாங்கிக்கொண்டே அடுத்த ஃபாரத்தை எடுப்பேன்.

மாடி வீட்டுச் சோமாலியப் பெண் தன் அப்பாவை அப்படித்தான் அழைத்து வந்தாள். எழுபதை நெருங்கியவர், உள்நாட்டுச் சண்டைக்குத் தப்பி வந்தவர். அவர் மனைவி கென்யாவில் அகதி முகாமில் கிடந்தார். இவருக்கு அடைக்கலம் கிடைத்தால்தான் அந்த அம்மாளை வரவழைக்க முடியும்.

அவர் நாட்டில் குலம் பார்த்துக் கொன்றார்கள். ஆகவே எந்தக் குலம் என்று சொல்லாமல் வழக்கு நிற்காது. அவரோ ஃபாரத்தில் குலம் கேட்ட கட்டத்தில் "சோமாலி" என்று மட்டும் எழுதச் சொன்னார்.

இத்தாலியரும் பிரிட்டிஷாரும் நாட்டைப் பிரித்து ஆண்ட காலத்தில், வாலிப வயதில், மொகதிஷுவில் ஒரு இளைஞர் கட்சியில் சேர்ந்தாராம். யார் கேட்டாலும் குலத்தைச் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தால்தான் சேர்ப்பார்கள். பக்கத்தில் நிற்பவன் எந்தக் குலம் என்று கேட்காமலே கொடி பிடித்திருக்கிறார்கள். "சுதந்திரம் வந்தது. கட்சி போயிற்று. குலம் மட்டும் போகவில்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயருக்குப் பின்னால் சாதியை வெட்டிய குடும்பம்தான் எங்களுடையதும். அப்பா மேடையில் சாதி ஒழிப்பு பேசுவார், மறுநாள் எனக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்பார். எனக்கு அது வெறும் கட்டம், நிரப்பினால் காலேஜில் சீட்டு. இவருக்கும் அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன்.

சனிக்கிழமைதோறும் வந்து இதையே சொன்னார்; மூன்றாவது சனிக்கிழமை என் பொறுமை போய்விட்டது. ஆபீஸ் பேஜர் வேறு கத்திக்கொண்டே இருந்தது. "அங்கிள், உங்களுக்கு மனைவி வேண்டுமா, சத்தியம் வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். மகள் தணிந்த குரலில் குலத்தின் பெயரைச் சொன்னாள், நான் டைப் செய்தேன். திரும்பி வந்தவர் அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

இன்டர்வியூவில் அதிகாரி அந்தப் பெயரைப் படித்து, சரிதானா என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாராம். அடைக்கலம் கிடைத்தது. எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை, வெட்கமாக இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மாலை அவர் கதவைத் தட்டினார். தன் மனைவி மறுநாள் வருகிறார் என்றார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"அந்தக் கட்டத்தில் நாம் எழுதியதை அவளிடம் சொல்லிவிடாதே" என்றார். "என்னைக் கட்சிக்கு அழைத்துப் போய்ச் சத்தியம் செய்ய வைத்தவளே அவள்தான்."