என் மெட்டில் ஏறிய அண்ணன்

எங்கள் சபையின் பாடகர் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. குள்ளமானவர்கள் முன்வரிசை, உயரமானவர்கள் பின்வரிசை. ஆண்டவர் எனக்குக் குரலோடு சேர்த்து உயரத்தையும் கொடுத்துவிட்டார். என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி, என் தோள் வரைக்கும்தான் வருவாள். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

பாட்டு என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ராயபுரத்தில் இன்று இதை நம்புவதற்கு ஆள் கிடையாது. வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தபோது வந்த மெட்டு அது. வலை வீசி வீசிக் கை ஓய்ந்துபோன மீனவர்களுக்காக, உயிர்த்தெழுந்த இயேசு விடியற்காலையில் கரையில் வந்து நின்ற கதை. கேள்வியும் பதிலுமாகப் போகும். ‘வெறும் வலைய நெறச்சது யாரு?’ என்று முதல் குரல் கேட்கும். ‘நம்ம ஆண்டவரு!’ என்று சபை மொத்தமும் சொல்லும். கடைசிச் சுற்றில் கீபோர்டு, டிரம் எல்லாம் நின்றுவிடும். முதல் குரல் மட்டும் தனியாகக் கேள்வியையும் பதிலையும் பாடும். அதற்கப்புறம் சபை கைதட்டிக்கொண்டு எழும். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் பாட்டையே கட்டினேன் என்றுகூடச் சொல்லலாம். பின்வரிசையில் நின்றாலும் அதைப் பாடிவந்தது நான்தான்.

அந்த வருடம் டோல்கேட் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு கட்சி கிறிஸ்துமஸ் விழா நடத்தியது. தேர்தல் நெருங்கினால் கட்சிகளுக்கு இயேசு பிறந்தது ஞாபகம் வரும். கேக் வெட்டினார்கள், ஏழைகளுக்குப் புடவை கொடுத்தார்கள், எங்களைப் பாடக் கூப்பிட்டார்கள். மேடையில் ஒரே ஒரு மைக்தான் வேலை செய்தது. அதை முன்வரிசைக்கு வைத்தார்கள். கடைசிச் சுற்று வந்ததும் கீபோர்டு வாசிப்பவர் என்னைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், பிறகு என் ஓரகத்தியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். அவள் பாடினாள். மண்டபமே எழுந்து நின்றது.

நன்றாகத்தான் பாடினாள். அதனால்தான் எனக்கு வயிறு எரிந்தது.

வேட்பாளராக நிற்கப்போகிறவர் என்று பேசப்பட்ட கட்சி அண்ணன் மேடைக்கு வந்து அவளுக்குச் சால்வை போர்த்தினார். “இன்னா கொரலும்மா உனுக்கு! எலெக்சன் வரட்டும், நமக்கும் ஒரு பாட்டு பாடணும்” என்றார். நான் பின்வரிசையிலிருந்து அவருடைய வழுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சால்வையை அவள் வீட்டுக்கு வந்ததும் என்னிடம் நீட்டி, “இத நீ வச்சிக்கோக்கா, உன் பாட்டுதான” என்றாள். அவளிடம் இதுதான் தாங்க முடியாத குணம். சண்டை போடவும் விடமாட்டாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் என் பாட்டுக்கு அவளே முதல் குரல் என்று குழுவில் முடிவு செய்தார்கள். ஈஸ்டர் அன்று மட்டும் முதல் குரல் தனியாக முன்னால் வந்து நிற்கும். வரிசையெல்லாம் கிடையாது, உயரம் கணக்கில்லை. வருடம் முழுக்க நான் காத்திருப்பதே அந்த ஒரு நாளுக்கு. “ஜனங்களுக்கு அவங்கள இப்ப தெரியுது இல்ல?” என்றார் கீபோர்டுக்காரர். என்னை மட்டும் யாருக்குத் தெரியாதாம்!

தேர்தல் வந்தது. சாயங்காலம் ஆனால் எங்கள் தெரு முனையில் திறந்த ஜீப் வந்து நிற்கும். கொழுந்தன் அந்தக் கட்சியில் வட்டப் பொறுப்பில் இருந்தான்; ஜீப்பின் முன்னால் நடப்பான். மேலே அண்ணன் கும்பிட்டுக்கொண்டு நிற்க, பக்கத்தில் கையில் மைக்கோடு அவள். ‘மொனைக்கு மொனை வெளக்கு போட்டது யாரு?’ என்று கேட்பாள். ‘நம்ம அண்ணன் பாரு!’ என்று பசங்கள் கத்துவார்கள். மெட்டில் ஒரு ஸ்வரம்கூட மாற்றவில்லை. கடைசிச் சுற்றில் மேளத்தை நிறுத்திவிட்டு அவளே பதிலையும் பாடுவதுகூட என்னுடையதுதான்.

நான் ஒருநாளும் வெளியே வந்து பார்க்கவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பேன். எங்கே பிசகுகிறாள், எங்கே மூச்சு வாங்குகிறாள், எந்த இடத்தில் இழுக்க வேண்டியதை வெட்டுகிறாள் என்று ஒவ்வொரு வரியாகக் கேட்பேன். பிசகே இல்லாத நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

காசிமேட்டில் மீன் வாங்கப் போனால் அங்கேயும் அதே பேச்சு. “உன் ஓரகத்தி பாட்டு இன்னாமா கீது!” என்றாள் எனக்கு வாடிக்கையாக மீன் போடுகிற பெண்.

“அது நான் கட்டுன பாட்டு” என்றேன்.

“அப்பிடியா? அவங்கதான பாடிகினு போறாங்க?” என்று வஞ்சிரத்தை வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. ஆண்டவர் பாட்டை எடுத்து ஜீப்பில் ஏற்றலாமா என்று மூப்பர்கள் கேட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்களும் எங்கள் சபையில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கோபம். நான் கோள் மூட்டவில்லை. மூட்டியிருப்பேன், அதற்குள் வேறு யாரோ முந்திக்கொண்டார்கள். தேர்தல் முடியும்வரை கட்சிக்குப் பாடுகிறவர்கள் ஆராதனையில் முன்நின்று பாட வேண்டாம் என்று ஆயர், எங்கள் பேச்சில் ஐயரு, சொல்லிவிட்டார். ஈஸ்டர் பாட்டு என்னிடம் திரும்பி வந்தது. அன்றைக்கு வஞ்சிரம் பொரித்தேன்.

“நீ பாடுக்கா. நீ பாடுனாதான் அது நல்லா இருக்கும்” என்றாள் ஓரகத்தி. முகத்தில் வருத்தம் தேடினேன். இல்லை.

ஈஸ்டர் அதிகாலை. கோயில் நிறைய வெள்ளைப் புடவையும் மெழுகுவர்த்தியும். நான் முன்னால் தனியாக நின்றேன். பின்னால் கடைசிப் பெஞ்சில் அவள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தது தெரிந்தது; தெரியட்டும் என்றுதான் பார்த்தேன். பாட்டு எடுத்த எடுப்பிலேயே ஏறிவிட்டது. நான் கேட்கக் கேட்க சபை பதில் சொன்னது. என் குரல் அன்று இருந்ததுபோல் என்றும் இருந்ததில்லை. அவளுக்கு இது கேட்க வேண்டும் என்று பாடினேன்.

கடைசிச் சுற்று. கீபோர்டு நின்றது, டிரம் நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன்.

‘விடியக்காலம் கரையில நின்னது யாரு?’

கோயில் காத்திருந்தது.

‘நம்ம அண்ணன் பாரு!’

என் வாயிலிருந்துதான் வந்தது. அவள் இழுக்கிற இழுப்பில், அவள் வெட்டுகிற இடத்தில் வெட்டி, சுத்தமாக வந்தது. கண்ணைத் திறந்தேன். ஆயர் அங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். வாலிபர் பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். நான் கீபோர்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ‘நம்ம ஆண்டவரு!’ என்று ஒரு குரல் எழுந்தது. மைக் இல்லை, ஆனாலும் கோயில் முழுக்கக் கேட்டது. சுருதி ஒரு நூல் விலகவில்லை. அவள் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்ததும் சபை மொத்தமும் எழுந்துவிட்டது. டிரம்காரர் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிந்தபோது பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே நினைவில்லை. என்னைக் காப்பாற்றிவிட்டாள். அந்தக் கடைசி வரியையும் அவளே பாடிவிட்டாள். நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு அவள் குரல்மேல்தான் பொறாமையாக இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவள் பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிட்டு என் பக்கத்தில் நடந்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

“அக்கா, எனக்குத்தான் அந்த பயம் இருந்துச்சி. தெனமும் அதையே பாடிகினு கீறோமே, கோயில்ல வாய் தவறிடுமோன்னு. ஐயரு வேணாம்னு சொன்னப்ப நிம்மதியாப் பூட்ச்சி. ஆனா உனுக்கு எப்டிக்கா வந்துச்சி? நீ ஒருநாள்கூட ஜீப்பு பக்கமே வரலியே?”

பதில் என்னிடம் இருந்தது. “தொண்டை கட்டிக்கினு கீது, வா, வூட்டுக்குப் போலாம்” என்றேன்.