சர்க்கார் தோணி

ரோட்டுக்குத் தார் காய்ச்சும் வாசனை வந்தாலே, அடியில் தார் பூசின சர்க்கார் தோணிதான் கண்முன்னே நிற்கிறது. முகத்துவாரத்தைக் கடந்து எங்களை அக்கரைப் பள்ளிக்கூடத்தில் சும்மாவே கொண்டுவிடும். அதை ஓட்டின சூசை மாமாவுக்குச் சர்க்கார் சம்பளம். ஆள் ஏறுகிறதா என்று பார்க்க ஆபீசர் வந்த அன்றைக்குக் கடல் வற்றி, முழங்கால் தண்ணீர்தான் கிடந்தது. வற்றினால் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சளக் சளக்கென்று சேற்றை மிதித்து நடந்துவிடுவது எங்கள் வழக்கம்.

“ஏ பிள்ளேளா, இன்னைக்கு மட்டும் ஏறுங்க, ஆபீசர் பாத்துக்கிட்டு நிக்காவ!” என்று மாமா கெஞ்சினார்.

“நடந்தா ஒமக்கு முந்திப் போயிருவோம் மாமா!”

சிரித்துக்கொண்டே முதலில் சேற்றில் இறங்கினது நான்தான்.

ஆளே ஏறவில்லை என்று ஆபீசர் எழுதிவிட, சர்க்கார் தோணியை நிறுத்திவிட்டது. தண்ணீர் ஏறிக் கிடக்கிற நாளில் அக்கரைக்கு வழியில்லாமல், அடுத்த வருஷம் சேரவேண்டிய என் தங்கச்சி பள்ளிக்கூடமே போகவில்லை. பஸ் வந்தால், போர்டைக் காட்டி, “இது எங்க போவுதுக்கா?” என்று இன்றைக்கும் என்னைத்தான் கேட்கிறாள்.