குடிக்காதவரின் தள்ளாட்டம்

மைசூரில் எங்கள் ஸ்கேன் மையத்துக்கு எம்.ஆர்.ஐ. வந்த புதிது. படத்தைப் படித்து அறிக்கை எழுதுவதோடு என் வேலை முடிந்துவிடும். ஆனால் தமிழ்க் குடும்பங்களை நரம்பியல் டாக்டர் என்னிடமே அனுப்பிவிடுவார். "கெட்ட செய்தியை அவங்க வீட்டுப் பாஷையில கேக்கட்டும்" என்பார்.

அப்படி வந்தவர் ஹனூர்ப் பக்கத்துக்காரர். இங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினார். நடை தள்ளாடியது, நாக்கு குழறியது. குடித்துவிட்டு வருகிறார் என்று வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். மனைவியும் அதையே நம்பி, பல மாதங்களாக அவரோடு பேசுவதில்லை.

"சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கன்னடத்துல 'குடுகா', குடிகாரான்னு கூப்பிடறாரு. இவ என்னடான்னா வாயை மோந்து பாக்கறா. ஒரு சொட்டுத் தொட்டதில்லீங்க டாக்டரம்மா."

"ஏலக்காயை அடக்கிட்டு வந்தா என்ன வாசம் வருமாம்?" என்றார் மனைவி, சுவரைப் பார்த்து.

படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். சிறுமூளை சுருங்கி, அதன் மடிப்புகளுக்கு இடையே கறுப்புக் கோடுகள் அகன்றிருந்தன. இதை மட்டும் வைத்து அவர் பக்கம் பேச முடியாது. நெடுநாள் குடியும் சிறுமூளையைச் சுருக்கும். நடுவெட்டுப் படத்தை மறுபடி பார்த்தேன். மூளைத்தண்டில் புடைத்திருக்க வேண்டிய இடம் தட்டையாகியிருந்தது. குடி அந்த இடத்தை அப்படி மெலிய வைப்பதில்லை.

அவருடைய அப்பாவைப் பற்றிக் கேட்டேன். அவரும் கடைசியில் சுவரைப் பிடித்துத்தான் நடந்தாராம். "ஆனா அவரு கொஞ்சம் குடிப்பாருங்க" என்றார் தயங்கி.

"இது குடியால வந்ததில்லை. குடும்பத்துல வர்ற நோயாத்தான் தெரியுது" என்றேன்.

அவர் தொடையில் தட்டினார். "கேட்டுக்கிட்டயா புள்ள?"

மனைவி என்னிடம் கேட்டார்: "மருந்து இருக்குதுங்களா?"

"குணமாக்கற மருந்து இல்லைம்மா. நோய் மெல்ல மெல்லக் கூடும்."

அப்போதுதான் அவர் கணவரின் பக்கம் திரும்பினார். "நீங்க குடிச்சே இருந்திருக்கலாம். கால்ல விழுந்தாவது நிறுத்தியிருப்பேன்."

"பாத்தீங்களா, இப்பவும் திட்டறா!" கணவர் சிரித்தார். "இதை அப்படியே எழுதிக் குடுங்க டாக்டரம்மா. திங்கக்கிழமையே போய் மெஷின்ல நிக்கறேன்."

மருந்தைப் பற்றி நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. அவர் குடிகாரர் அல்ல என்று சொல்லப்போகும் அந்த அறிக்கையைப் படித்த எவரும் அவரை இனி மெஷின் பக்கம் விடமாட்டார்கள். மனைவிக்கு அது புரிந்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டார். கணவரோ படங்களை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபடி எழுந்து நின்றார்.

"உக்காருங்க" என்று சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.